முன் வரிசை யாருக்குடா பேராண்டி?

ஏண்டா பேராண்டி, பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கணும், நல்ல எடமாக் கெடைக்கணும், வழி சொல்லு தாத்தான்னு கேட்டியே, ஆளைப் பாத்துத்தான் கேட்டிருக்க. மேடையில இருக்கறவங்களைவிட மேடைக்கு எதுத்தாப்ல ஒக்காந்திருக்கறவங்களைத்தான் நான் நெறையப் பாத்திருக்கேன். எவன் தாளம் போட்டான், எவன் தாளம் போடறவனைப் பாத்துப் போட்டான், எவன் மொத ஆலாபனையிலயே கொறட்டை விட்டான், எல்லாம் எனக்கு அத்துப்படி.

மொதல்ல ஒன்னு சொல்லு. நீ எதுக்குப் போற? கேக்கப் போறியா, பாக்கப் போறியா, இல்ல நாலு பேர் கண்ணுல படப் போறியா? மூணுக்கும் மூணு எடம் இருக்கு. மூணாவது காரணம்னா வெக்கப்படாம இப்பவே சொல்லிடு. அதுக்குன்னே மொத வரிசைன்னு ஒன்னு போட்டு, சோபாவும் போட்டு, கையில தண்ணி பாட்டிலும் குடுக்கறான். போய் ஒக்காந்து, பின்னால திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு, எழுந்து நின்னு ஒரு செல்ஃபி எடுத்துக்கிட்டு வந்துடலாம். பாட்டு நடுவுல எடைஞ்சல் பண்ணும், அதைக் கொஞ்சம் பொறுத்துக்கணும்.

கேக்கத்தான் போறேங்கற. சரி, நம்பிட்டேன். அப்படின்னா மொத வரிசைங்கற பைத்தியம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்க.

எங்கப்பா காலத்து நாடகக் கொட்டகையில மைக் கெடையாது. கிட்டப்பா பாடினாலும் சரி, கே.பி. சுந்தராம்பாள் பாடினாலும் சரி, கடைசியில நிக்கறவன் காது வரைக்கும் தொண்டையாலதான் எட்ட வைக்கணும். அதனாலதான் அந்தக் காலத்துக்காரங்க சுருதியை அந்த ஒசரத்துல வச்சுக்கிட்டுப் பாடினாங்க. அப்ப முன்னால ஒக்காந்தவனுக்குப் பாட்டு கூடுதலாக் கெடைச்சுது, கூடுதலாக் காசு வாங்கினான். ஞாயம். அப்புறம் மைக் வந்துச்சு, பொட்டி வந்துச்சு. இப்பப் பாட்டு வாயிலேர்ந்து வர்றதில்ல, ரெண்டு பக்கமும் ஒசரத்துல தொங்கற பொட்டியிலேர்ந்து வருது. டிக்கெட்டு விலையை மட்டும் இன்னும் வாய்க்கும் ஒனக்கும் எவ்வளவு தூரம்னு அளந்தே போடறான்.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. டூரிங் டாக்கீஸ்ல திரைக்கு முன்னால தரை டிக்கெட்டு, அதுக்குப் பின்னால பெஞ்சு, கடைசியில சேர். கிட்டப் போகப் போகக் காசு கம்மி. கச்சேரியில கிட்டப் போகப் போகக் காசு ஜாஸ்தி. ஒரே ஆளு வெள்ளிக்கெழமை சினிமாவுல பின்னால ஒக்காரக் கூடக் குடுப்பான், சனிக்கெழமை கச்சேரியில முன்னால ஒக்காரக் கூடக் குடுப்பான். ஏன்னு கேட்டா, திரை பெரிசு, கிட்டப் போனா கழுத்து வலிக்கும்பான். அதெல்லாம் சும்மா. கொட்டகையில வெளக்கை அணைச்சுடறான்டா. இருட்டுல மொத வரிசையில ஒக்காந்து யாருக்குக் காட்டறது?

இப்ப மைதானத்துல நடக்கற பெரிய கச்சேரிக்கு வருவோம். நீ போறது அதுக்குத்தானே? மேடையை ஒட்டிக் கம்பி வேலி போட்டு ‘ஃபேன் பிட்’னு பேரு வச்சிருப்பான். நாற்காலி கெடையாது. ஜாஸ்தி காசு குடுத்து நாலு மணி நேரம் நிக்கற பாக்கியம். மேல தொங்கற பொட்டியில பாதிச் சத்தம் ஒன் தலைக்கு மேல தாண்டி, பின்னால கம்மி டிக்கெட்டு எடுத்தவனுக்குப் போயிடும். கீழ, மேடைக்கு அடியில அடுக்கி வச்சிருக்கற பெரிய பொட்டி இருக்கே, அது ஒன் நெஞ்சுக்கூட்டைத் தட்டிப் பாக்கும். பாட்டோட வார்த்தை எதுவும் காதுல விழாது. ஆனா பாடகரோட செருப்பு என்ன கலருன்னு கேட்டா நீ ஒருத்தன்தான் சரியாச் சொல்லுவ.

நல்லாக் கேக்கணும்னா நான் சொல்ற எடத்தைத் தேடு. மேடைக்கு நேர் எதுத்தாப்ல, மைதானத்து நடுவுல ஒரு கொட்டாய் போட்டு, அதுல ஒரு ஆளு வரிசை வரிசையாப் பொத்தானை வச்சுக்கிட்டுத் திருகிக்கிட்டே நிப்பான். சவுண்டு இன்ஜினியர். அவன் காதுக்கு எது சரியா இருக்கோ அதைத்தான் ஊருக்கே அனுப்பறான். அவன் நிக்கற எடத்துல நல்லாக் கேக்கலேன்னா வேற எங்கயும் கேக்காது. அதுக்கு ரெண்டு மூணு வரிசை முன்னால, நடுவாப் பாத்து எடம் புடி. பின்னால மட்டும் போய் மாட்டிக்காத. கொட்டாய்க் கூரையும் கேமராக்காரன் முதுகும்தான் தெரியும்.

ரொம்பப் பின்னால போனா வேற வேடிக்கை. சத்தம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். வெளிச்சம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடும். மேடையிலேர்ந்து 100 மீட்டர் தள்ளி நின்னா, பெரிய திரையில பாடகர் வாயை மூடினப்புறம் கால் வினாடிக்கு மேல கழிச்சுத்தான் பாட்டு வந்து சேரும். பின்னால இருக்கறவங்களுக்காக நடுவுல கம்பம் நட்டுத் தனியாப் பொட்டி கட்டுவாங்க. முன்னால கெளம்பின சத்தம் வந்து சேர்ற நேரம் பாத்து இந்தப் பொட்டியையும் பேச விடுவாங்க, ரெண்டும் மோதி எதிரொலி வரக்கூடாதுன்னு. அந்தப் பொட்டி மூஞ்சியப் பாத்தாப்ல நின்னா கம்மி டிக்கெட்டுலயும் வார்த்தை தெளிவாக் கேக்கும். வாயும் பாட்டும் ஒட்டாது, அவ்வளவுதான். அரசியல் கூட்டத்துக்குப் போய்ப் பழகினவனுக்கு அது ஒன்னும் பெரிசாத் தெரியாது.

அப்புறம் டிக்கெட்டுக்கு வச்சிருக்கற பேரு. பிளாட்டினம், டைமண்டு, கோல்டு, சில்வர். கடைசி வரைக்கும் பித்தளைன்னு ஒன்னு போட மாட்டான் பாரு. பேரைப் பாக்காத, இருக்கை வரைபடத்தைப் பாரு. டைமண்டுக் கடைசி வரிசைக்கும் கோல்டு மொத வரிசைக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒரு கயிறு. கயித்துக்கு அந்தப் பக்கம் ஒக்காந்தவனும் இந்தப் பக்கம் ஒக்காந்தவனும் ஒரே பாட்டைத்தான் கேக்கறான். அந்தப் பக்கத்துக்காரன் ஆயிரக்கணக்குல கூடக் குடுத்திருப்பான், அந்த வருத்தத்துலயே பாட்டு அவனுக்கு ஏறாது. எந்தக் கச்சேரியானாலும் கம்மி வகுப்போட மொத வரிசையை எடு. ஜாஸ்தி வகுப்போட கடைசி வரிசையை ஒன் சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு எடுத்துக் குடு. மரியாதை மரியாதையாவும் இருக்கும், பேரு டைமண்டாவும் இருக்கும்.

சரி, எடம் எதுன்னு தெரிஞ்சுபோச்சு. அது கையில கெடைக்கணுமே.

மேட்டூர் அணையைத் தொறந்தா என்ன நடக்கும்னு பட்டணத்துல பொறந்த ஒனக்குத் தெரியாது. வழக்கப்படி ஜூன் 12ந் தேதி தண்ணி கெளம்பறது நெசம்தான். தலைமடைக்காரன் ரொப்புவான், நடுமடைக்காரன் ரொப்புவான், கடைமடைக்கு வந்து சேரும்போது வாய்க்கால்ல ஈரம் இருக்கும். அதைத் தண்ணின்னு சொல்லிக்க வேண்டியதுதான். டிக்கெட்டும் அப்படித்தான் பாயுது. ஸ்பான்சர் கம்பெனிக்கு ஒரு பங்கு. பாடறவரோட ஆளுங்களுக்கு ஒரு பங்கு. இந்த பேங்கு கார்டு வச்சிருக்கறவங்களுக்கு ரெண்டு நாள் முன்னாலயே விக்கறோம்னு ஒரு பங்கு. மிச்சம் இருக்கறதுதான் ‘பொது விற்பனை’. நீ கடைமடை, தெரிஞ்சுக்க. அழுது பிரயோசனம் இல்ல, தலைமடையில யாரு இருக்கான்னு பாரு. அந்த பேங்கு கார்டு ஒங்க சித்தப்பன்கிட்ட இருக்கும். பொங்கலுக்கு அவன் வீட்டுக்கு ஒரு கட்டுக் கரும்பும் வாழைத்தாரும் போகட்டும். கார்டு தானா வரும்.

அதுவும் இல்லேன்னா பொது விற்பனை அன்னிக்கு மல்லுக்கட்ட வேண்டியதுதான். 2024 செப்டம்பர் 22, ஞாயித்துக்கெழமை மத்தியானம் 12 மணிக்கு, கோல்ட்ப்ளேங்கற வெள்ளைக்காரக் குழு நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்துல பாடறதுக்கு டிக்கெட்டு தொறந்தாங்களே, பேப்பர்ல படிச்சேன். தொறக்கறதுக்கு முன்னாலயே இணையதளம் படுத்துருச்சு. எழுந்து ஒக்காந்ததும் ஒவ்வொருத்தனுக்கும் லட்சக்கணக்குல வரிசை நம்பர் காட்டுச்சு. ரேசன் கடையில தனக்கு முன்னால நாப்பது பேர் நின்னாலே ஒங்க பாட்டி திரும்பி வந்துடுவா. நம்ம புள்ளைங்க முன்னால லட்சம் பேர் இருக்காங்கன்னு தெரிஞ்சும் கண்ணு கொட்டாம ஒக்காந்திருந்தாங்க. 2,500 ரூபாயிலேர்ந்து 35,000 ரூபாய் வரைக்கும் டிக்கெட்டு. அதையே வெளியில லட்சக்கணக்குல வெலை சொல்லி வித்தாங்க. இதுல நீ எடுத்துக்க வேண்டிய பாடம் ஒன்னு இருக்கு. 2025 ஜனவரி 18, 19னு ரெண்டு நாள்தான்னாங்க, கூட்டத்தைப் பாத்ததும் 21ந் தேதியையும் சேத்தாங்க. வித்துத் தீந்துச்சுன்னு அவன் சொன்னதும் போனைத் தூக்கி எறியாத. நல்லா விக்கற சரக்கை எவனும் ஒரே தடவையில நிறுத்த மாட்டான்.

இது நம்ம ஊர் லட்சணம்னு நெனைச்சுக்காத. 2022 நவம்பர்ல அமெரிக்காவுல டெய்லர் ஸ்விஃப்ட்டுங்கற அந்தப் பொண்ணு கச்சேரிக்கு முன்விற்பனை நடந்தப்ப, ஒரே நாள்ல 20 லட்சம் டிக்கெட்டுக்கு மேல வித்துது டிக்கெட்மாஸ்டர். அன்னிக்கு அவங்க கதவை 350 கோடி தடவை தட்டினதா அவங்களே சொன்னாங்க. மனுசன் மட்டுமா தட்டினான்? ‘பாட்’டுங்கற எந்திரப் பயலுங்களும் சேந்து தட்டினானுங்க. அப்படி எந்திரத்தை விட்டு டிக்கெட்டை அள்ளக்கூடாதுன்னு அந்த நாட்டுல 2016லயே சட்டம் போட்டாச்சு. எந்திரத்துக்குச் சட்டம் படிக்கத் தெரியலபோல இருக்கு. கடைசியில பொது விற்பனையையே ரத்து பண்ணி, 2023 ஜனவரியில செனட் சபை கூப்பிட்டு விசாரிக்கற வரைக்கும் போச்சு.

அதனால சொல்றதைக் கேட்டு நட. நெறையத் தளத்துல, தொறக்கற நேரத்துக்கு முன்னால வந்து காத்திருக்கற எல்லாரையும் மொத்தமாக் குலுக்கிப் போட்டுத்தான் வரிசை நம்பர் குடுக்கறான். விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து வந்தவனும், பத்து நிமிசம் முன்னால வந்தவனும் அங்க ஒன்னுதான். தொறந்தப்புறம் வர்றவன்தான் வாலுக்குப் போவான். அதனால ராக்கண்ணு முழிக்காத, நல்லாத் தூங்கி, குளிச்சுச் சாப்பிட்டுட்டு வா. நம்பர் கெடைச்சப்புறம் ‘ரெஃப்ரெஷ்’ஷை அமுக்காத. கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் அந்த வரிசையில பொழைப்பு. ஒங்க தலைமுறைக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான்.

முன்னாடி நாளே லாகின் பண்ணி வச்சுக்க. பேரு, விலாசம், கார்டு நம்பரு எல்லாம் அதுல ஏத்தி வச்சுடு. ஓ.டி.பி. வர்ற போன்ல சார்ஜ் இருக்கான்னு பாரு. நீ சீட்டை அமுக்கினதும் அவன் ஒரு கடியாரத்தை ஓட விடுவான், அது நிக்கறதுக்குள்ள காசு போய்ச் சேரணும். அந்த நேரத்துல வந்து, ‘ஏங்க, இந்த ஓரம் நல்லா இருக்குமா, அந்த ஓரம் நல்லா இருக்குமா’ன்னு வீட்டுல பஞ்சாயத்து வச்சா சீட்டு அடுத்தவனுக்குப் போயிடும். எது வேணும், அது இல்லேன்னா எது, அதுவும் இல்லேன்னா எதுன்னு மூணையும் காகிதத்துல எழுதி முன்னாலயே பொண்டாட்டிகிட்ட கையெழுத்து வாங்கிடு. நாலு பேர் ஒன்னாத்தான் ஒக்காருவோம்னு அடம் புடிக்காத. நாலு சீட்டு ஒன்னாக் கெடைக்கறது கஷ்டம், ரெண்டு ரெண்டாக் கெடைக்கும், ஒத்தை சீட்டு மொத மூணு வரிசையிலயே துருத்திக்கிட்டு நிக்கும். புருசன் ஒரு வரிசை, பொண்டாட்டி ஒரு வரிசைன்னு ஒக்காந்தா என்ன கெட்டுப்போச்சு? ரெண்டு பேருக்கும் பாட்டு நல்லாக் கேக்கும்.

கெடைக்கலேன்னாலும் வெளியில சொல்லாத ரகசியம் ஒன்னு இருக்கு. மேடை எவ்வளவு அகலம் வரும், கேமரா எங்க நிக்கும், எந்தத் தூண் யாரை மறைக்கும்னு விக்கற அன்னிக்கு அவனுக்கே தெரியாது. அதனால கொஞ்சம் சீட்டை விக்காம ஒதுக்கி வச்சிருப்பான். மேடையைக் கட்டி முடிச்சப்புறம், மறைக்காதுன்னு தெரிஞ்சதைச் சத்தமில்லாமத் தொறந்து விடுவான். ஸ்பான்சர் வேணாம்னு திருப்பிக் குடுத்ததும் அதோட சேரும். கச்சேரிக்கு நாலஞ்சு நாள் இருக்கும்போது காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை எட்டிப் பாரு. அப்ப விழற சீட்டு பெரும்பாலும் முன்னால உள்ளதா இருக்கும்.

பிளாக்குல மட்டும் வாங்காத. அந்தக் காலத்துல தியேட்டர் வாசல்ல ‘பத்து ரூபா டிக்கெட்டு இருவது’ன்னு காதுல முணுமுணுத்தவன் குடுத்தது நெசக் காகிதம். இப்ப விக்கறவன் குடுக்கறது ஒரு க்யூ.ஆர். கட்டத்தோட படம். அந்தக் கட்டம் ஒரு தடவைதான் கதவைத் தொறக்கும். அதே படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பான். மொதல்ல வந்தவன் உள்ள போவான், நீ வாசல்ல நிக்கற ஒன்பது பேரோட சேந்து ஒரு கச்சேரி வச்சுக்கலாம். அதே மாதிரி, டிக்கெட்டு கெடைச்ச சந்தோசத்துல அதைப் படம் புடிச்சு ஸ்டேட்டஸ்ல போடாத. ஒனக்குப் பதிலா எவனாவது போய்க் கேட்டுட்டு வந்துடுவான்.

நல்ல எடத்துல டிக்கெட்டு வாங்கிட்டோம்னு மெதப்புல கடைசி நிமிசத்துலயும் போகாத. 2023 செப்டம்பர் 10ந் தேதி ஈ.சி.ஆர். பனையூர்ல ஏ.ஆர். ரகுமான் கச்சேரி நடந்துச்சே, கையில டிக்கெட்டோட எத்தனை பேரு உள்ளயே போக முடியாமத் திரும்பினாங்க. டிக்கெட்டு நகலை அனுப்புங்கன்னு ரகுமானே சொல்ல வேண்டியதாப் போச்சு. எடம்னா அது கதவுக்கு உள்ள இருக்கணும்டா. நம்பர் போட்ட நாற்காலியா, இல்ல மொதல்ல வர்றவனுக்கு மொத எடமான்னு வாங்கும்போதே படிச்சுப் பாரு. நம்பர் இல்லேன்னா பஸ் சன்னல் வழியா துண்டைப் போட்டு எடம் புடிச்ச வம்சம் நாம, அந்தச் சுறுசுறுப்போட போ. வண்டியை வாசலுக்குப் பக்கத்துல நிறுத்தாத, வெளியில வர்ற ரோட்டைப் பாத்து நிறுத்து. இல்லேன்னா கடைசிப் பாட்டு முடிஞ்சப்புறம் ரெண்டு மணி நேரம் பக்கத்து வண்டிக்காரன் ஹாரனைக் கேக்கணும். அதுக்கும் நீ டிக்கெட்டு எடுத்தாச்சு.

இவ்வளவு பாடு வேணாம்னா மார்கழியில என்கூட வா. 1927ல மெட்ராஸ்ல காங்கிரஸ் மாநாடு நடந்தப்ப கூடவே சங்கீத மாநாடும் வச்சாங்க, அதுலேர்ந்து மறு வருசம் மொளைச்சதுதான் மியூசிக் அகாடமி. டிசம்பர் பாதியில ஆரம்பிச்சு ஜனவரி 1 வரைக்கும் கச்சேரி. சாயந்தரப் பெரிய கச்சேரிக்கு நல்ல சீட்டா வேணும்னா அதெல்லாம் சீசன் டிக்கெட்டுக்காரங்ககிட்ட இருக்கும். வருசா வருசம் அதே நாற்காலி, அதே சால்வை, அதே தலையாட்டல். அந்த நாற்காலியை உயில்ல எழுதி வைக்காத கொறைதான். நீ அதுக்குப் போட்டி போடாத. மத்தியானக் கச்சேரிக்குப் போ. ஓசி. எந்த வரிசையில வேணும்னாலும் ஒக்காரலாம், பக்கத்து நாற்காலியில பையையும் வைக்கலாம். சின்னப் புள்ளைங்க உசிரைக் குடுத்துப் பாடும். இன்னிக்கு மத்தியானம் காலி நாற்காலிக்குப் பாடற பொண்ணுதான் பத்து வருசம் கழிச்சு சாயந்தரம் பாடும். அப்ப நீ வரிசையில நின்னு காசு குடுப்ப, ‘நான் அப்பவே கேட்டேன்’னு பீத்திக்கவும் செய்யலாம்.

அங்கயும் எந்தப் பக்கம் ஒக்காரணும்னு ஒரு கணக்கு இருக்கு. மேடையைப் பாத்து ஒக்காந்தா, ஒன் இடது கைப் பக்கம் மிருதங்கம், வலது கைப் பக்கம் வயலின். மிருதங்கத்தோட வலந்தலை சபையைப் பாத்து இருக்கணும்னுதான் அந்த எடம். இடது கைப் பழக்கம் உள்ள வித்வான்னா எடமும் மாறும். மிருதங்கப் பைத்தியம்னா இடது பக்கம் அஞ்சாறு வரிசை தள்ளி ஒக்காரு. வலந்தலையில நடுவுல கருப்பாச் சோறு இருக்கே, அந்த ஓரத்துல ஆள்காட்டி வெரல் எப்படி விழுந்து எழுந்திரிக்குதுன்னு கண்ணால பாக்கலாம். வயலின்ல இடது கை வெரல் கம்பி மேல வழுக்கறதைப் பாக்கணும்னா வலது பக்கம். பரதநாட்டியம்னா கணக்கு வேற. மொத வரிசைக்கு மேடை ஒசரம், ஆடற பொண்ணோட முழங்காலுக்குக் கீழ தெரியாது. கால் தெரியாத பரதநாட்டியத்துக்கு எதுக்குடா காசு? பத்து வரிசை தள்ளிப் போ, இல்ல மாடியில மொத வரிசைக்குப் போ. சலங்கைச் சத்தம் எந்தக் கால்லேர்ந்து வருதுன்னு தெரியும்.

சாயந்தரக் கச்சேரியிலயும் நல்ல சீட்டுல ஒக்காரணும்னா மிருதங்கம் தனியா முழங்கற தனி ஆவர்த்தனம் வரைக்கும் பொறுமையா இரு. கச்சேரிக்குன்னு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் குடுத்த முறை ஒன்னு இருக்கு. வர்ணத்துல ஆரம்பிச்சு, நடுவுல பெரிய உருப்படி, அதோட தனி, அப்புறம் துக்கடா, மங்களம். மிருதங்கக்காரர் மொதல் தட்டு தட்டினதும் முன் வரிசையில பாதிப் பேருக்குக் கேன்டீன் ஞாபகம் வந்துடும். அடையும் காப்பியும் ஆறிடக் கூடாதே. அப்படியே சிலரு வீட்டுக்கும் போயிடுவாங்க. பாவம், அந்த வித்வான் காலம் பூரா சாதகம் பண்ணது அவங்க முதுகுக்கு வாசிக்கத்தான். அப்ப நீ மெல்ல எழுந்து முன்னால போ. நான் போகச் சொன்னேன்னு சொல்லாத. கேட்டா, மிருதங்கம் சரியாக் கேக்கலன்னு சொல்லு, அதுல பொய் ஒன்னும் இல்ல. திரும்பி வந்தா எழுந்து குடுத்துடு. பெரும்பாலும் வர மாட்டாங்க, கூட்டம் கேன்டீன்லயும் ஜாஸ்தி.

இதுக்கெல்லாம் மேல ஒரு எடம் இருக்கு, நம்ம ஊருக்குப் பக்கத்துலயே. திருவையாத்துல காவேரிக் கரையில தியாகராஜர் ஆராதனை. தை மாச வாக்குல, புஷ்ய பகுள பஞ்சமியன்னிக்கு, காலையில பஞ்சரத்தினம். டிக்கெட்டு கெடையாது, பிளாட்டினம் கெடையாது. பெரிய வித்வான்கள் எதிரும் புதிருமாத் தரையில ஒக்காந்திருப்பாங்க. அவங்களுக்குப் பின்னால அஞ்சு கிருதியும் தெரிஞ்சவன், தெரிஞ்ச மாதிரி வாயசைக்கறவன் எல்லாரும் ஒக்காரலாம். கேக்க வந்தவனே பாடற எடம்டா அது. டி.வி. கேமரா எங்க இருக்குன்னு பாத்து ஒக்கார்றவங்களும் உண்டு, அந்த வியாதிக்குக் காவேரித் தண்ணியிலயும் மருந்து இல்ல.

அங்க தியாகராஜர் சமாதியில ஒரு கோயில் இருக்கே, அதைக் கட்டினது யாருன்னு தெரியுமா? பெங்களூர் நாகரத்தினம்மா. சம்பாதிச்ச காசையும் நகையையும் போட்டு, புதர் மண்டிக் கெடந்த சமாதிக்குக் கோயில் எழுப்பினாங்க. அதே ஆராதனையில ஆரம்பத்துல பொம்பளைங்க பாடறதுக்கு எடமே குடுக்கல. கோயில் கட்டினவங்களுக்குப் பாட எடம் இல்ல. அந்தம்மா யார்கிட்டயும் பாஸ் கேட்டுக்கிட்டு நிக்கல. பொம்பளைங்களைச் சேத்து தனி ஆராதனையே நடத்தி, கடைசியில எல்லாரும் ஒன்னாப் பாடற வரைக்கும் விடல. ஓசிப் பாஸுக்கு அமைச்சரோட மச்சினனைத் தேடி அலையறவங்க ஒரு நாள் அங்க போயி அந்தம்மா சமாதிக்கும் ஒரு கும்பிடு போடலாம்.

சரிடா, நேரமாச்சு. எல்லாம் கேட்டுட்டு என்ன முடிவு பண்ணப் போறன்னும் எனக்குத் தெரியும். ஒன் கூட்டாளிங்க எல்லாம் டைமண்டு எடுத்திருப்பானுங்க, நீயும் டைமண்டுதான் எடுப்ப. எடுத்துக்க, வேணாங்கல. ஆனா நீ எடுக்கும்போது எனக்கும் ஒன்னு சேத்து எடு. கோல்டுல மொத வரிசை, சவுண்டு கொட்டாய்க்கு முன்னால, நடைபாதை ஓரத்து நாற்காலி. பாட்டு சரியில்லேன்னா எவன் காலையும் மிதிக்காம எழுந்து வந்துடலாம் பாரு. காசு நீ குடுத்துடு. யோசனை நான் குடுத்தாச்சு, கணக்கு சரியாப் போச்சு.